குலுக்கலில் பெரியம்மா

எங்கள் ஊர்ப் பெயர் இங்கிலீஷ் டிக்‌ஷனரியில் இருக்கிறது. சந்தேகமிருந்தால் 'அனிகட்' என்று தேடிப் பாருங்கள். தண்ணீரை மறித்துக் கட்டின அணை என்று அர்த்தம் போட்டு, தமிழிலிருந்து வந்தது என்றும் போட்டிருப்பான். வெள்ளைக்காரன் நம்மிடமிருந்து கொண்டுபோன வார்த்தைகள் நிறைய. கறி போச்சு, கட்டுமரம் போச்சு, சுருட்டு போச்சு, மிளகுத்தண்ணி போச்சு. எதற்கும் ஸ்பான்சர் கேட்கவில்லை. மார்பு எக்ஸ்ரே எடுத்து வா என்று சொல்லவில்லை. போன இடத்தில் சிட்டிசன் ஆகி சௌக்கியமாக இருக்கின்றன.

வேலூர் மாவட்டம் அணைக்கட்டில் பிறந்த மனுஷர்கள் விஷயத்தில்தான் தகராறு.

நான் பி.காம். படித்தவன். பத்திரிகையில் எழுதுகிறவன். இந்த இரண்டையும் கூட்டி ஊரில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்: 'இவனுக்கு இங்கிலீஷ் ஃபாரம் நிரப்பத் தெரியும்!' ஆதார் திருத்தம், பாஸ்போர்ட் எல்லாம் தாண்டி இப்போது கனடா, லண்டன் வரைக்கும் நம் பிராக்டீஸ் விரிந்திருக்கிறது. ஃபீஸ் ஒரு டம்ளர் காபி. ஃபாரம் பத்துப் பக்கத்துக்கு மேலே போனால் ஒரு கிலோ இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய். சந்தோஷமான தொழில். ஒரே ஒரு கேள்விக்குத்தான் எனக்குப் பயம்.

"இன்னா தம்பி, குலுக்கல்ல நம்ம பேரு வந்துச்சா?"

எதிர்வீட்டுப் பெரியம்மா. வயசு 68. பெரியப்பா காலமாகிப் பத்து வருஷம் ஆகிறது. ஒரே பையன் டொரன்டோவில். கேட்பது லாட்டரிச் சீட்டு பற்றி இல்லை. நம்ம தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரியை நிறுத்திவிட்டார்கள். பெரியம்மா கேட்பது கனடா கவர்மென்ட் நடத்துகிற குலுக்கல். பரிசு: மகன் வீட்டில் நிரந்தரமாகத் தங்கலாம்.

கனடாக்காரர்கள் நல்லவர்கள். அப்பா அம்மாவோடு தாத்தா பாட்டியையும் சேர்த்து ஸ்பான்சர் பண்ணலாம் என்று சட்டமே வைத்திருக்கிறார்கள். ஆனால் வரிசை நீண்டுவிட்டது. 2011 நவம்பரில் எண்ணிப் பார்த்தபோது, ஏறக்குறைய 1,65,000 பேர் காத்திருந்தார்கள். 'போதும், கதவைச் சாத்து' என்று புது மனுக்களை நிறுத்தினார்கள். 2014-ல் மறுபடி திறந்து, இந்த வருஷத்துக்கு 5,000 மனுதான் என்றார்கள். சில வாரத்திலேயே தீர்ந்தது. 2017-ல் குலுக்கல் என்றார்கள். 2019-ல் குலுக்கல் வேண்டாம், கம்ப்யூட்டரில் முதலில் வருகிறவர்களுக்கே என்றார்கள்.

அந்த 2019 ஜனவரி 28-ஐ மறக்க முடியாது. அவர்கள் ஊர்ப் பகல் பன்னிரண்டு, நமக்கு ராத்திரி பத்தரை. ஃபாரம் திறந்து பதினொரு நிமிஷத்துக்குள் மூடிவிட்டது. சுமார் 27,000 பேர் உள்ளே போய்விட்டார்கள். பையன் டொரன்டோவில் அம்மாவின் பெயரை டைப் அடித்து, ஊர்ப் பெயருக்கு வருவதற்குள் கடை காலி. பெரியம்மா இங்கே சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். "பதினோரு நிமிசத்துல ஒரு அவரைக்காப் பொரியல் கூட ஆவாதே தம்பி" என்றார்.

வேகமாக டைப் அடிக்கத் தெரியாதவன் அம்மாவைக் கூப்பிடக் கூடாதா என்று அங்கேயும் சத்தம் போட்டார்கள். மறுபடி குலுக்கல் வந்தது. 2020 அக்டோபர் 13-லிருந்து நவம்பர் 3 வரை 'எனக்கு என் பெற்றோரைக் கூப்பிட ஆசை' என்று பதிவு பண்ணச் சொன்னார்கள். நம்ம பையனும் போட்டான். அதற்கப்புறம் 2025 வரைக்கும் வருஷா வருஷம் குலுக்கினது எல்லாமே அந்த 2020 பானையைத்தான். 2024-ல் 35,700 பேருக்கு அழைப்பு. 2025-ல் 17,860 பேருக்கு. பெரியம்மா பெயர் பானையின் அடியில் எங்கேயோ படுத்துக்கொண்டிருக்கிறது.

பெயர் விழுந்தாலும் உடனே பெட்டி கட்ட முடியாது. பையன் மூன்று வருஷ வருமான வரிக் கணக்கைக் காட்ட வேண்டும். வரப்போகிற அம்மாவையும் குடும்பத்தில் ஒரு தலையாகச் சேர்த்து, அத்தனை பேருக்கும் போதுமான சம்பளம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் ஒரு கையெழுத்து. அம்மாவின் செலவுக்கு 20 வருஷம் நான் பொறுப்பு. அவர்கள் அரசாங்க உதவித்தொகை ஏதாவது வாங்கினால் நான் திருப்பிக் கட்டுவேன். கியூபெக் மாகாணத்தில் மட்டும் 10 வருஷம். யோசித்துப் பாருங்கள், 20 வருஷ கியாரண்டி! என் அப்பா என் பைக் லோனுக்கு ஒரு கையெழுத்துப் போட மூன்று நாள் யோசித்தார்.

*

"கனடாதான் இப்பிடி. மத்த தேசமெல்லாம் எப்பிடி?" என்று கேட்கிற தம்பிகளுக்காக, ஃபாரம் நிரப்பி நிரப்பி நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் குலுக்கல் கிடையாது. மகனோ மகளோ 21 வயசு முடிந்த சிட்டிசனாக இருந்தால் போதும். அப்பா அம்மாவுக்கு வருஷத்துக்கு இத்தனை பேர்தான் என்கிற கணக்கே இல்லை. வருமானம் அங்கத்திய வறுமைக்கோட்டுக்கு மேலே கால் பங்கு கூடுதலாக இருந்தால் சரி. கேட்க இனிப்பாக இருக்கிறதா? கசப்பு 'சிட்டிசன்' என்கிற வார்த்தையில் இருக்கிறது. கிரீன் கார்டு வைத்திருப்பவன் பெற்றோரைக் கூப்பிட முடியாது. கம்பெனி மூலமாகப் போகிற நம்ம ஆளுக்குக் கிரீன் கார்டு வரவே பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. வந்து ஐந்து வருஷம் கழித்துத்தான் சிட்டிசன்ஷிப்புக்கு மனு. இன்றைக்கு 25 வயசில் கிளம்புகிறவனுக்கு முன்னே பின்னே எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பார்த்தேன். 55 வயசு அப்பாவுக்கு எழுபதைத் தாண்டிவிடுகிறது. தாத்தா பாட்டியை நேராகக் கூப்பிட அங்கே வழியே இல்லை. அப்பா போய், அவர் சிட்டிசன் ஆகி, அப்புறம் அவருடைய அப்பாவைக் கூப்பிட வேண்டும். அதற்குள் தாத்தா வேற ஊருக்கு, விசா கேட்காத ஊருக்குப் போயிருப்பார்.

ஆஸ்திரேலியாவில் முதலில் தலை எண்ணுவார்கள். பெற்ற பிள்ளைகளில் குறைந்தது பாதிப் பேர் அங்கே நிரந்தரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேற எந்த ஒரு தேசத்தையும் விட அங்கே அதிகம் பேர் இருக்க வேண்டும். மூன்று பிள்ளையில் ஒருத்தன் சிட்னி, இரண்டு பேர் குடியாத்தம் என்றால் ஃபெயில். பாஸானாலும் சாதாரண வரிசையில் முப்பது வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். 65 வயசில் மனுப் போட்டால் 95-ல் கூப்பிடுவார்கள். சீக்கிரம் வேண்டுமா, தலைக்கு 40,000 டாலருக்கு மேல் கட்டுகிற தனி வரிசை உண்டு. அதுவும் இப்போது பத்து வருஷத்தைத் தாண்டிவிட்டது. 2023-ல் அந்த நாட்டுக் குடியேற்ற முறையை ஆராய்ந்த குழுவே, கிடைக்கப் போகாத விசாவுக்கு மனு வாங்கி வைத்துக்கொள்வது கொடுமை என்கிற அர்த்தத்தில் எழுதிவிட்டது. எழுதிவிட்டு மனுவை வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இங்கிலாந்து கதையை எங்கள் தெருக்கோடி மாமாவை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

மாமா ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் முப்பது வருஷம் இருந்து ரிடையர் ஆனவர். ஒரு தோலைப் பார்த்தாலே எந்த இடத்தில் கத்தி வைக்கலாம், எங்கே சுருக்கம், எங்கே உண்ணி கடித்த தழும்பு என்று சொல்லிவிடுவார். அத்தை கிடையாது. மகள் நர்ஸ். இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வயசானவர்கள் வார்டில் வேலை. அங்கேயே நிரந்தரமாகத் தங்க அனுமதி வாங்கிவிட்டாள். அப்பாவைக் கூட வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசை.

சட்டத்தைப் படித்துச் சொல்லச் சொன்னார் மாமா. 2012 ஜூலையில் கொண்டுவந்த விதி. படித்தேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தேன்.

"மாமா, நீங்களே குளிக்கிறீங்களா?"

"இன்னா மாப்ள கேள்வி இது? பின்ன யாரு குளிப்பாட்டறாங்க?"

"நீங்களே சட்டை போட்டுக்கறீங்களா? சமைக்கிறீங்களா?"

"எல்லாம் நானேதான். நேத்து கூட கருவாட்டுக் கொழம்பு."

"அப்ப உங்களுக்குக் கிடையாது மாமா."

விதி அப்படித்தான். குளிக்க, உடுத்த, சமைக்க இன்னொருத்தர் கை நீண்ட நாளைக்கு வேண்டும் என்கிற நிலைமையில் பெற்றவர் இருக்க வேண்டும். அந்த உதவி உள்ளூரில், பிள்ளை பணம் அனுப்பினாலும் கிடைக்காது, இல்லை கட்டுப்படியாகாது என்று நிரூபிக்க வேண்டும். மாமா நடமாடுகிறவரைக்கும் கிடைக்காது. படுத்துவிட்டாலும் பக்கத்திலேயே சி.எம்.சி. ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில், பார்த்துக்கொள்ள வழியில்லை என்று எப்படி நிரூபிப்பது? அப்படியே நிரூபித்தாலும், தானாக எழுந்து உட்கார முடியாதவரை எப்படி பிளேன் ஏற்றுவது?

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "முப்பது வருசம் லண்டனுக்கு ஷூ அனுப்பினோம் மாப்ள. நான் வெட்டின தோல் ஒண்ணு கூட ரிஜெக்ட் ஆவலை. என்னைத்தான் வாணாங்கறான்."

இன்னொன்றும் சொன்னார். அதுதான் எனக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது. "அவ தினம் பத்து வெள்ளைக்காரக் கெழவனுக்கு முகம் தொடச்சி விடறாளாம். ஃபோன்ல சொன்னா. எனக்கு வேண்டியதில்ல. ஒரு நாள் வேண்டியிருந்தா அவ இங்க இருக்க மாட்டா, இல்ல?"

விசிட்டர் விசாவில் ஆறு மாசம் வரை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

*

பி.காமில் எங்களுக்கு ஒரு பாடம் உண்டு. கம்பெனியின் பாலன்ஸ் ஷீட்டில் கடன், சொத்து எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். பின்னால் வரலாம், வராமலும் போகலாம் என்கிற பொறுப்புகளை மட்டும் கீழே பொடி எழுத்தில் குறிப்பாகப் போட்டுவிடுவார்கள். யாரும் படிக்க மாட்டார்கள். கம்பெனி திவாலாகும்போதுதான் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுவார்கள்.

வெளிநாடு கிளம்புகிற நம்ம பையன்களின் கணக்கும் இதேதான். எந்த தேசத்தில் சம்பளம் எவ்வளவு, வரி எவ்வளவு, வாடகை எவ்வளவு, பனி எத்தனை அடி, எல்லாம் விரல் நுனியில். ஆம்பூர் பிரியாணி கிடைக்குமா என்று கூட விசாரித்துவிடுகிறார்கள். அப்பா அம்மா மட்டும் பொடி எழுத்துக் குறிப்பில். 'அப்புறம் கூட்டிக்கலாம்.' அந்த 'அப்புறம்' எந்த தேசத்தில் எவ்வளவு நீளம் என்பதைத்தான் மேலே சொன்னேன். தேசத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே அந்தப் பக்கத்தையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். அரை மணி நேரம்தான் ஆகும்.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை வந்தது போன ஐப்பசி மழையில்.

ராத்திரி எட்டு மணிக்குப் பெரியம்மா வீட்டிலிருந்து டணக் டணக் என்று சத்தம். போய்ப் பார்த்தால் கூடத்தில் ஏழு பாத்திரம். அண்டா, குண்டான், சொம்பு என்று சைஸ் வாரியாக வைத்திருக்கிறார். ஓடு அத்தனையும் ஒழுகுகிறது.

"இன்னா பெரியம்மா இது? பையன் மாசாமாசம் பணம் அனுப்பறானே, மேஸ்திரியைக் கூப்பிட்டு ஓடு மாத்தக் கூடாதா?"

"எப்பிடியும் போயிடப் போறோம். இதுக்கு எதுக்கு தம்பி தண்டச் செலவு?"

எனக்குச் சுரீர் என்றது. சுற்றிலும் பார்த்தேன். 2020-லிருந்து அந்த வீட்டில் எதுவும் நகரவில்லை. பின்பக்கக் கதவு கரையான் அரித்துக் கிடக்கிறது: 'போயிடப் போறோமே.' கறவை மாட்டை விற்றாச்சு: 'யாரு பாத்துக்குவாங்க, போயிடப் போறோமே.' கண்ணில் புரை விழுந்து, வருகிறவர் யார் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார். அதுவும், 'அங்க போயி பையன் செலவுல பண்ணிக்கலாம்.' ஐந்து வருஷமாக அந்த அம்மாள் அணைக்கட்டிலும் இல்லை, டொரன்டோவிலும் இல்லை. நடுவில் எங்கேயோ பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பெட்டி மேல் உட்கார வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. வருஷா வருஷம் "அடுத்த தடவை கட்டாயம் விழும் பெரியம்மா" என்று சொன்னவன் நான்தானே? ஆறுதல் சொல்வதாக நினைத்தேன்.

அன்று ராத்திரியே பையனுக்கு வாட்ஸப்பில் பேசினேன். ஏழு பாத்திரத்தையும் வீடியோவில் காட்டினேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை.

"அண்ணே, அம்மா ஒரு நாளும் சொல்லலியே. வீடியோவுல எப்பவும் சாமி ரூம்ல உக்காந்துதான் பேசுவாங்க."

"அங்கதான்டா ஒழுகாது."

குலுக்கலை மறந்துவிட்டு வேறு என்ன வழி என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். சூப்பர் விசா என்று ஒன்று கனடாவில் 2011 டிசம்பரிலிருந்தே இருக்கிறது. சாதாரண விசிட்டருக்கு ஆறு மாசம் என்றால், இதில் 2022 ஜூலையிலிருந்து ஒரு தடவை போனால் ஐந்து வருஷம் வரை தங்கலாம். பத்து வருஷம் வரைக்கும் செல்லுபடியாகும். பையனின் அழைப்புக் கடிதம், வருமான அத்தாட்சி, மெடிக்கல், குறைந்தது 1,00,000 கனடா டாலருக்கு ஒரு வருஷ மருத்துவ இன்ஷூரன்ஸ் வேண்டும். இன்ஷூரன்ஸ்தான் கடிக்கும். குடியுரிமை, பென்ஷன் எதுவும் வராது. ஆனால் குலுக்கல் கிடையாது. பேரனைத் தூக்கலாம். பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம்.

"ஏன்டா இவ்ளோ நாள் இதைப் பண்ணலை?"

"நிரந்தரமா வரப்போறவங்களுக்கு எதுக்கு இதுன்னு நெனச்சேன் அண்ணே."

அம்மா ஓட்டுக்குச் சொன்ன அதே பதில். ரத்தம்!

*

முதல் வேலையாக மேஸ்திரி வந்தார். இரண்டாவது, கண். வேலூர் ஷெல் கண் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். உள்ளே ஆபரேஷன் நடக்கும்போது வெளியே உட்கார்ந்து, அந்த இடத்தின் கதையை நினைத்துக்கொண்டேன். 1902-ல் டாக்டர் ஐடா ஸ்கடர் கட்டின முதல் ஆஸ்பத்திரி அது. சி.எம்.சி.க்கு அஸ்திவாரம்.

அந்த அம்மாள் 1870-ல் நம்ம ராணிப்பேட்டையில் பிறந்தவர். மிஷனரி குடும்பம். அமெரிக்காவில் படித்துக்கொண்டு, இந்தியா பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று இருந்தவர். 1890-ல் திண்டிவனத்தில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சேதி வந்தது. கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்றுதான் வந்தார். ஒரே ராத்திரியில், ஆண் டாக்டர் கூடாது என்று வீட்டார் சொன்னதால் பிரசவ வேதனையில் மூன்று பெண்கள் செத்துப்போனதைப் பார்த்தார். திரும்பிப் போய் டாக்டருக்குப் படித்து, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் ஆரம்பித்தார். அம்மாவைப் பார்க்க வந்த ஒரு பொண்ணால் நமக்கு ஒரு சி.எம்.சி.

உடனே 'எல்லாரும் கிளம்பி வாங்கப்பா' என்று நான் சொல்லப் போவதில்லை. வேலை அங்கே, வீட்டு லோன் அங்கே, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அங்கே. எல்லாரும் ஐடா ஸ்கடர் ஆக முடியாது. ஆனால் வரிசையில் நிற்கிற வருஷங்களும் வருஷங்கள்தான். அம்மாவின் கண்ணுக்கும் வீட்டு ஓட்டுக்கும் விசா தேவையில்லை. அதை இன்றைக்கே பார்த்துவிடலாம். அப்புறம் வருவது வரட்டும்.

சூப்பர் விசா வந்துவிட்டது. சென்னையில் கைரேகை எடுத்தபோதுதான் கொஞ்சம் கஷ்டம். புளி தட்டி, நிலக்கடலை உரித்து, விரலில் ரேகை தேய்ந்துவிட்டது. நாலு தடவை அழுத்தினதும் மெஷின் மனமிரங்கியது. அடுத்த மாசம் கிளம்புகிறார். ஆறு மாசம் இருந்து பார்த்துவிட்டு வருகிறாராம். "புது ஓடு போட்டு வீட்டை வுட்டுட்டு எவ்ளோ நாள் இருக்கறது?"

நேற்று கத்தரிக்காயோடு வந்தார். இப்போது குரல் கொடுக்காமலே என்னைத் தெரிகிறது. "இளைச்சிட்டியே தம்பி" என்றார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் பார்த்த முகத்தோடு ஒப்பிடுகிறார்.

"அந்தக் குலுக்கல்ல இருந்து உங்க பேரை எடுத்துடச் சொல்லட்டுமா பெரியம்மா?"

"ஐயோ வாணாம். இருக்கட்டும்." கொஞ்சம் யோசித்தார். "அது விழுந்தா வேற யாருக்காவது மாத்திக் குடுக்கலாமா?"

"யாருக்குக் குடுக்கணும்?"

"தெருக்கோடி மாமா இருக்காரே, அவருக்குத்தான். பாவம், மனுசன் தானே குளிக்கறாராமே!"